பழைய வண்டிக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் செஞ்சு விக்கிற அண்ணன்மாருக்கு ஒரு மடல்

அண்ணன்மாரே, வணக்கம். உங்க யாரையும் பேர் சொல்லித் திட்டுறதுக்காக இதை எழுதல. யாரோட கிட்டுன்னும் சொல்லப் போறதில்ல, ஏன்னா ரெண்டு மூணு பேரோடதைப் பாத்துட்டேன், உள்ள ஒரே கதைதான்.

என்கிட்ட இருக்கிறது அப்பா ஓட்டின 84 மாடல் புல்லட், 346 சிசி, கேஸ்ட் அயர்ன் இன்ஜின். 12 வோல்ட்டுக்கு மாத்தியாச்சு. சிபி பாயிண்ட்டோட (இன்ஜின் சுத்தச் சுத்த திறந்து மூடி, பிளக்குல பொறி வர வைக்கிற பழைய ஸ்விட்ச்) சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய் போன வருஷம்தான் உங்க மாதிரி ஒருத்தர்கிட்ட மூவாயிரத்து சொச்சம் குடுத்து கிட் (பாயிண்ட் வேலையை எலக்ட்ரானிக்கா பண்ற ஒரு பிளேட்டும் ஒரு பாக்ஸும்) வாங்கி மாட்டுனேன். பொய் சொல்லக் கூடாது, முதல் ரெண்டு மாசம் சொர்க்கம். ஒரே கிக்ல ஸ்டார்ட்டு, ஐடிலிங் கடிகாரம் மாதிரி நிக்குது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன பண்ணீங்கன்னு கேட்டுட்டுப் போனாரு.

அப்புறம் ஏப்ரல்ல ஏலகிரி ஏறினோம். மொத்தம் 14 ஊசி வளைவு, ஒன்பதாவது தாண்டினதும் ரெண்டு தடவ டப் டப்னு பின்னாடி அடிச்சுது, அப்படியே செத்துப்போச்சு. பிளக்கைக் கழட்டி ஹெட்டுல வச்சுக் கிக் பண்ணிப் பாத்தா கரண்ட் துளி கூட இல்ல. பேட்டரி நல்லா இருக்கு, ஹாரன் அலறுது, பிளக் கேப் மாத்தியாச்சு, ஒண்ணும் நடக்கல. கல்லுல உக்காந்து குரங்குக்கு பிஸ்கட் குடுத்துட்டு (குடுக்கக் கூடாதுன்னு தெரியும், அது கேட்டு வாங்கல, புடுங்குச்சு) அரை மணி நேரம் கழிச்சுக் கிக் பண்ணா ஸ்டார்ட் ஆயிடுச்சு. மறுபடி ரெண்டு வளைவு. மறுபடி அவுட்டு. கடைசில வண்டியைத் திருப்பி நியூட்ரல்ல பிரேக்கைப் புடிச்சுப் புடிச்சு அடிவாரம் வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்தோம், பின்னாடி உக்காந்த வீட்டம்மா ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயமா இருந்துச்சு.

கிட்டைக் கழட்டி வித்தவருக்கு கூரியர்ல அனுப்புனேன். பத்து நாள்ல திரும்பி வந்துச்சு, கூடவே ஒரு துண்டு சீட்டு: "செக் பண்ணியாச்சு, நல்லா இருக்கு, உங்க வயரிங்ல பிரச்சனை."

எனக்கு கோவம் வந்தது இங்கதான். வீட்டம்மாவோட ஹேர் டிரையரை எடுத்துட்டு வந்து உக்காந்தேன். பிளேட்டுல இருக்கிற பிக்கப் காயிலோட (எப்ப பொறி விடணும்னு பாக்ஸுக்கு சிக்னல் குடுக்கிறது) ரெண்டு வயர்லயும் மல்டி மீட்டரை மாட்டுனேன், 214 ஓம் காட்டுச்சு. டிரையரை வச்சேன். 220, 229, 236. இது தப்பில்ல, செம்புக் கம்பி சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும், 50 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கூடும், அது இயற்கை. 241 வந்துச்சு, அடுத்த செகண்ட் மீட்டர் ஓப்பன் சர்க்யூட்னு, அதாவது உள்ள கம்பி விட்டுப்போச்சுன்னு, காட்டிட்டு நின்னுடுச்சு. டிரையரை ஆஃப் பண்ணி வாயால ஊதுனேன், ரெண்டு நிமிஷத்துல 228னு உயிர் வந்துச்சு. நாலு தடவ பண்ணேன், நாலு தடவையும் அதே கதை.

நீங்க ஏசி ரூம்ல டேபிள் மேல செக் பண்றீங்க அண்ணே. வண்டியில அது உக்காந்திருக்கிறது சிலிண்டரை ஒட்டி, இன்ஜின் சூடு நேரா படுற இடம். தலைமுடி மாதிரி கம்பியைச் சுத்தி அதும்மேல கருப்பு எப்பாக்சியை ஊத்தி மூடிடுறீங்க. சூடானா எப்பாக்சி ஒரு அளவுக்கு விரியும், செம்பு வேற அளவுக்கு விரியும், நடுவுல மாட்டிக்கிட்ட கம்பி சால்டர் வச்ச இடத்துல விட்டுடும். ஆறினா திரும்ப ஒட்டிக்கும். இதுல ஒத்தை சிலிண்டர் புல்லட்டோட ஆட்டம் வேற. அதான் ரோட்டுல சாகுது, உங்க டேபிள்ல பொழைக்குது.

எலக்ட்ரானிக்ஸே வேணாம்னு சொல்ற ஆளு நான் இல்ல. யமஹா ஆர்எக்ஸ் 100 85லயே சிடிஐயோட (பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன்) தான் வந்துச்சு, என் மச்சான் வண்டியில கம்பெனி போட்ட பாக்ஸ் இன்னும் மாத்தாம ஓடுது. அதுலயும் மேக்னட்டுக்குள்ள இருக்கிற காயில் வயசானா இதே மாதிரி சூட்டுல மக்கர் பண்ணும், ஆனா அது முப்பது வருஷம் ஓடி உழைச்சிட்டுப் பண்ணுது, ரெண்டு மாசத்துல இல்ல. சிபி பாயிண்ட்டும் ஒண்ணும் தெய்வம் இல்ல. பாயிண்ட் கருகாம காக்கிற கண்டன்சர் போனா அதுவும் சூட்டுலதான் நிக்கும், இப்ப கடையில வர்ற புது கண்டன்சரைப் பத்தி பேசவே வேணாம். ஆனா பாயிண்ட் போச்சுன்னா ரோட்டோரமா உக்காந்து எமரி பேப்பர்ல ரெண்டு இழு இழுத்து, 0.35ல இருந்து 0.40 மில்லி வரைக்கும் கேப் வச்சா வீடு வந்து சேரலாம். உங்க கருப்புக் கட்டியை ரோட்டுல வச்சு நான் என்ன பண்றது, மஞ்சள் குங்குமம் வைக்கவா?

இன்னொண்ணு, இது உங்களுக்குச் சின்ன விஷயமா தெரியலாம். பழைய புல்லட் ஹெட்லைட் மேல ஆம்பியர் மீட்டர் இருக்கும்ல. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவா அமுக்கினா, பாயிண்ட் மூடுற நேரம் முள்ளு மைனஸ் பக்கம் சாயும், திறக்கிற நேரம் டக்குனு நடுவுக்கு வரும். முள்ளு நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடுற லீவர்) புடிச்சு கொஞ்சம் தள்ளிவிட்டு, அப்புறம் உதைன்னு எங்கப்பா சொல்லிக் குடுத்தாரு. பாயிண்ட் வேலை செய்யுதா, பிளக்குக்கு பொறி குடுக்கிற இக்னிஷன் காயிலுக்கு கரண்ட் போகுதா, எல்லாத்தையும் அந்த முள்ளே சொல்லிடும். உங்க கிட் மாட்டினதுல இருந்து அந்த முள்ளு ஊமை, ஏன்னா இன்ஜின் சுத்தலைன்னா பாக்ஸ் அந்த இக்னிஷன் காயிலுக்கு கரண்ட்டை விடாது. காயில் வேகாம இருக்க அது நல்லதுதான், புரியுது. ஆனா அதுக்குப் பதிலா பாக்ஸ்ல ஒரு சின்ன எல்ஈடி வைக்கலாம்ல, சிக்னல் வந்தா மினுக்குனு எரியிற மாதிரி?

கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ சூடு பண்ணிப் பாருங்க, சூட்டுலயே மீட்டர் வைங்க. பிக்கப் காயில் இத்தனை ஓம் இருக்கணும்னு பேப்பர்ல ஒரு வரி போடுங்க, இப்ப இருக்கிற பேப்பர்ல தேங்க்யூவைத் தவிர ஒண்ணும் இல்ல. பிளேட்டைத் தனியா விலைக்குக் குடுங்க, ஒரு காயிலுக்காக முழு கிட்டையும் தூக்கிப் போட முடியாது. ரெசிஸ்டர் வச்ச பிளக் கேப் போடணும்னா முன்னாடியே சொல்லுங்க, சாதா கேப்போட இரைச்சல்ல பாக்ஸ் குழம்பிப்போய் மிஸ்ஸிங் ஆகி, ஜனங்க கார்புரேட்டரைக் கழட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. பேட்டரி எத்தனை வோல்ட்டுக்குக் கீழ போனா பாக்ஸ் தூங்கிடும்னும் எழுதுங்க. முக்கியமா, பழைய பாயிண்ட் பிளேட்டைத் தூக்கிப் போடாம டூல் பாக்ஸ்ல வச்சுக்கோங்கன்னு நீங்களே சொல்லுங்க. உங்க கௌரவம் ஒண்ணும் கொறஞ்சிடாது.

நான் இப்போதைக்கு பாயிண்ட்டுக்கே திரும்பிட்டேன், முள்ளு திரும்ப ஆடுது. வித்தவர் இதைப் படிச்சா, அந்த பிளேட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, சூடு பண்ணிப் பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கூரியர் காசு நானே போட்டு அனுப்பறேன். ஹேர் டிரையர் மட்டும் நீங்க வாங்கிக்கோங்க, இது வீட்டம்மாவோடது, ஏற்கனவே நாலு நாளா தேடிக்கிட்டு இருக்காங்க.