முள்ளைப் பார்த்து வாங்கு, பாப்பா

குடியாத்தம்,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். பாட்டுத் தட்டு போட்டுக் கேட்கிற மிஷினை எப்படிப் பூட்டுவது என்று போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது காதில் வாங்கி நினைவில் வைத்துக்கொள்கிற சங்கதி இல்லை. நீ மிஷினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காரும்போது பக்கத்தில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அதனால்தான் எழுதி, தட்டுகளோடு சேர்த்து உன் மாமா மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் வீட்டு ரெக்கார்டு பிளேயரையும் அனுப்பச் சொன்னாய். அதை அனுப்பவில்லை. கொடுக்க மனமில்லை என்று நினைக்காதே. அதன் மோட்டார் நேராகக் கரண்டில் ஓடுவது. இங்கே கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. நீ இருக்கிற நாட்டில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்கிறேன் என்றாய். அது வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஹெர்ட்ஸ் ஏறினால் மோட்டாரும் அதே கணக்கில் வேகம் பிடிக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு அங்கே 40 சுற்று சுற்றும். ஒரு கட்டை சுருதியில் பாடினவர் இரண்டரைக் கட்டைக்கும் மேலே போய்விடுவார். சீர்காழி கோவிந்தராஜன் குரலை அப்படிக் கேட்க உனக்கும் பொறுக்காது, எனக்கும் பொறுக்காது.

அதனால் தட்டுகள் இங்கிருந்து வரட்டும், மிஷினை அங்கேயே வாங்கு. எந்த மிஷின் என்று சொல்வதற்கு முன்னால் முள்ளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் மரப்பெட்டியைக் காட்டுவார்கள், புளூடூத்தைக் காட்டுவார்கள். தட்டைத் தொடுவது முள் ஒன்றுதான். தட்டு பிழைப்பதும் கெடுவதும் அதன் கையில்தான் இருக்கிறது.

நான் 14 வயதில் மைக் செட் கடையில் எடுபிடியாகச் சேர்ந்த கதை உனக்குத் தெரியும். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா என்றால் அதற்கு முந்தின இரண்டு நாளும் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது என் வேலை. தட்டு போடுவதை முதலாளி யாரிடமும் விடமாட்டார். அவரிடம் சாவி கொடுக்கிற பழைய கிராமபோன் ஒன்றும் இருந்தது. அரக்குத் தட்டு, 78 சுற்று, இரும்பு முள். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் அந்த முள்ளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மறுபக்கத்துக்குப் புது முள். ஒருநாள் சோம்பல்பட்டு அதே முள்ளை வைத்துவிட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. "முள்ளு காசுக்குக் கிடைக்கும், தட்டு கிடைக்குமாடா?" என்றார். அப்போது வலிதான் தெரிந்தது. அவர் சொன்னது புரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று.

எப்படிப் புரிந்தது என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். இதுவரை சொன்னதில்லை.

கல்யாணமான புதிதில் அம்மா ஆரணியிலிருந்து ஒரு எல்.பி. தட்டு கொண்டுவந்தாள். உன் தாத்தா வாங்கிக்கொடுத்தது. தினமும் சாயங்காலம் விளக்கேற்றியதும் அதைப் போடச் சொல்வாள். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டில் முள் தாவ ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். பிளேயரில் முள்ளைத் தாங்குகிற கையின் தலையில் ஒரு நாலணாவை ஒட்டி வைத்தேன். தாவுவது நின்றுவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் நாலணா 2.5 கிராம். ஏற்கெனவே 5 கிராம் போல அழுத்திக்கொண்டிருந்த முள்ளின் மேல் பாதிக்குப் பாதி பாரம் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதத்தில் அந்தத் தட்டில் வயலினின் மேல் ஸ்தாயி மங்கிவிட்டது. தட்டில் பள்ளமாக ஓடுகிற வரியின் சுவரில் இருக்கிற நுணுக்கமான நெளிவுகள்தான் கீச்சுக் குரலும் தந்தி ஓசையும். முதலில் தேய்வது அதுதான். தேய்ந்தது திரும்பி வராது. பிறகு பார்த்தால் கோளாறு கையிலும் இல்லை, தட்டிலும் இல்லை. பிளேயர் இருந்த பலகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. சுவரில் கடப்பாக் கல் பதித்து, மட்டம் பார்த்து அதன்மேல் வைத்தேன். நாலணாவை எடுத்த பிறகும் முள் தாவவில்லை. அம்மா அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். சூட்கேஸ் மாதிரி மூடி திறந்து, ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்து விற்கிறார்களே, அதை வாங்காதே. பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. முள்ளைப் பிடித்திருக்கிற சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ், அவற்றில் பெரும்பாலும் அது செராமிக் வகை. 5, 6 கிராம் அழுத்தும், குறைக்க வழியில்லை. நான் நாலணா வைத்துச் செய்ததை அது நாலணா இல்லாமலே செய்யும்.

ஆடியோ டெக்னிகா கம்பெனியில் இரண்டு மாடல் உனக்குப் பொருந்தும். ஏடி-எல்பி60எக்ஸ் பட்டனை அழுத்தினால் தானே கை எழுந்து வந்து தட்டில் உட்காரும், முடிந்ததும் தானே திரும்பிப் போகும். பெல்ட்டில் ஓடுவது. கையின் பாரத்தைத் தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பிவிடுகிறார்கள், நீ திருத்த முடியாது. ஏடி-எல்பி120எக்ஸ் அப்படியில்லை. பின்னால் திருகு எடை இருக்கிறது, கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்றலாம், 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு. தட்டின் அடியிலேயே மோட்டார், பெல்ட் கிடையாது. அடாப்டரில் ஓடுவதால் நாளைக்கு நீ ஊருக்கே திரும்பி வந்தாலும் இந்த ஹெர்ட்ஸ் தொல்லை வராது. என்னைக் கேட்டால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். சத்துவாச்சாரியில் ஒரு நண்பர் வீட்டில் இதை என் கையாலேயே பூட்டிக்கொடுத்தேன். நன்றாகப் பாடுகிறது. மாப்பிள்ளை தானியங்கிதான் வசதி என்பார். வசதிதான். ஆனால் உன் கைக்குச் சின்ன வயதிலிருந்தே நிதானம் உண்டு, நீயே தூக்கி வைத்துப் பழகு.

பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை இடம் பார்ப்பது. உங்கள் வீடு மரத் தரை. நீ நடந்தாலே அதிரும், குழந்தை குதித்தால் முள்ளும் குதிக்கும். முடிந்தால் சுவரில் ஆணியடித்த பலகை வை, இல்லாவிட்டால் கனமான அலமாரியின் மேல் வை. ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதே. மைக்குக்கு நேராகக் குழாயைத் திருப்பினால் கீச்சென்று கத்தும் அல்லவா? அதே கதைதான் இங்கேயும். ஸ்பீக்கர் அதிர்வு முள்ளுக்குப் போய், முள் அதைத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பி, தாழ்ந்த குரலில் ஊளையிடும். அப்புறம் ரசமட்டம். கொத்தனார் வைத்திருப்பது போலச் சின்னதாக ஒன்று வாங்கி, தட்டு சுற்றும் பீடத்தின் மேலேயே வைத்து நான்கு பக்கமும் பார். இதை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதே.

பிறகு கையின் எடை. முள்ளின் உறையைக் கழற்று. ஆன்ட்டி ஸ்கேட்டிங் திருகை 0-வில் வை. பின் எடையை மெதுவாகத் திருகினால் ஒரு கட்டத்தில் கை மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல், தராசு முள் போல நடுவில் மிதக்கும். அங்கே நிறுத்து. எடையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் போட்ட வளையத்தை மட்டும் 0-வுக்குத் திருப்பு. இனி இரண்டையும் சேர்த்துத் திருகி 2-க்குக் கொண்டுவா. அதுதான் 2 கிராம். அந்த மிஷினோடு வரும் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு 1.8 முதல் 2.2 வரை என்று போட்டிருக்கிறது. குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று 1 கிராமில் வைக்காதே. பிடிப்பில்லாத முள் வரிக்குள் இங்கும் அங்கும் மோதும், அதுவும் சுவரைக் கெடுக்கும். எடை வைத்த பிறகு ஆன்ட்டி ஸ்கேட்டிங்கையும் 2-க்குக் கொண்டுவா. ஓடும்போது கை தானாக உள்பக்கம் இழுபடும், அதைச் சரிக்கட்டத்தான் அந்தத் திருகு.

கார்ட்ரிட்ஜ் கோணம் பார்க்க, அச்சடித்த காகித அளவுகோல் இணையத்தில் கிடைக்கும். அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பார், பிரிண்டர் சுருக்கிவிட்டிருந்தால் பயனில்லை. நடுத் துளையிலிருந்து சுமார் 66 மில்லிமீட்டரிலும் 121 மில்லிமீட்டரிலும் இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். இதில் கண்ணை மட்டும் நம்பாதே, காதாலும் சோதித்துப் பார். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போடு. முள் உள்ளே போகப் போக வரி சுற்றளவில் குறுகி, அதே ஒரு நொடிப் பாட்டுக்குக் கிடைக்கிற இடம் பாதிக்கும் கீழே வந்துவிடும். கோணம் தப்பினால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். சீர்காழி சொல்லுகிற ஒவ்வொரு 'ச'வும் 'ஸ'வும் எச்சில் தெறிப்பது போலக் கேட்டால், திரும்பக் கோணத்தைப் பார்.

இன்னொன்று. முள்ளிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஓசையைக் குறைத்து, உயர்ந்த ஓசையைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். தாழ்ந்ததைக் குறைக்காவிட்டால் வரிகள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். 1954-லிருந்து அதற்கு ஒரே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைத் திரும்ப நேராக்குவதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப் வேலை. இந்த மிஷினுக்குள்ளேயே அது இருக்கிறது, பின்னால் ஒரு சுவிட்ச். உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று தனியாக இருந்தால் மிஷினில் இருப்பதை அணைத்துவிடு. இரண்டும் சேர்ந்தால் சத்தம் உடைந்து வரும். மிஷினில் இருப்பதை அணைத்து ஓட்டும்போது ம்ம்ம் என்று முனகல் கேட்டால் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டு. மைக் செட்டில் பாதி முனகல் எர்த்தால்தான் வரும்.

முள் தேயும் நாளையும் எழுதி வை. அந்த வகை முள்ளுக்கு 300 மணி நேரம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். வாரத்துக்கு மூன்று எல்.பி. கேட்டால் இரண்டரை மணி நேரம் கூட வராது, இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்கும். காலண்டரில் குறித்துக்கொள்.

தட்டுகள் 24 வைத்திருக்கிறேன். உறையோடு ஒன்று கிட்டத்தட்ட கால் கிலோ, அதற்குமேல் கைப்பையில் விடமாட்டார்கள் என்றான் மாமா மகன். பெட்டியில் போடக் கூடாது, கையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று அவனிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். வந்ததும் உடனே போடாதே. குளிரில் வந்த தட்டு ஒரு ராத்திரி வீட்டுச் சூட்டுக்குப் பழகட்டும். புத்தகம் போல நிற்க வை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதே. ஹீட்டர் பக்கத்திலும் ஜன்னல் வெயிலிலும் வேண்டாம். நம் ஊர் கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு மேலே போகும்போது நான் இவற்றைக் கட்டிலடியில் தரையோடு வைத்துத்தான் வளையாமல் காப்பாற்றினேன். தூசிக்குக் கார்பன் ஃபைபர் பிரஷ். அழுக்கிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மெல்லிய துணி, வரி போகிற போக்கிலேயே துடை.

அரக்குத் தட்டு எதையும் வைக்கவில்லை. விழுந்தால் உடையும். அதற்கு மூன்று, நான்கு மடங்கு பருமனான வேறு முள்ளும் வேண்டும். நீ ஊருக்கு வரும்போது நீயே பார்த்து எடுத்துப் போ. அவற்றை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதே, அரக்கு கரைந்துவிடும்.

கட்டி முடித்த பிறகு நேற்று ராத்திரி அம்மா வந்து, இன்னொரு தட்டையும் வைக்கச் சொன்னாள். அந்த ஆரணித் தட்டுதான். பழைய நூல் புடவைத் துண்டில் அவளே சுற்றிக் கொடுத்தாள். அதனால் 25. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். என் பழைய முள் உருண்டை முனை. உன்னுடையது நீள்வட்ட முனை, சுவரை வேறு இடத்தில் தொடும். நான் தேய்க்காத இடம் அந்த வரியில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். எல்லாம் பூட்டி, மட்டம் பார்த்து, 2 கிராம் வைத்த பிறகு, அம்மாவைப் போனில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அதைப் போடு. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. வயலின் வருகிறதா என்று அவளிடம் சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் நைனா