சிகரெட்டை நிறுத்தினா மாத்திரை அளவையும் பாக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல மனநோய் பத்தி வந்த கட்டுரை நல்லாருந்துச்சு, ஆனா குடி, சிகரெட், கஞ்சா பத்தி அதுல ஒரே ஒரு வரிதான், "தவிர்ப்பது நல்லது"ன்னு. அந்த ஒரு வரிக்குள்ள எங்க வீட்ல பதினோரு வருஷம் போயிருக்கு, அதான் எழுதுறேன்.

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். காதுல குரல் கேக்கும். ராத்திரி அது கூடுறப்ப குடிப்பான், குடிச்சா மாத்திரை போடாமலே தூங்கிருவான், மறுநாள் குரல் இன்னும் ஜாஸ்தியா வரும், திரும்ப குடிப்பான். மனநல டாக்டர்கிட்ட போனா "மொதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க"ன்னாங்க. குடியை நிறுத்துற இடத்துக்குப் போனா "இவருக்கு குரல் கேக்குதுன்னா சேத்துக்க முடியாது, அதை சரி பண்ணிட்டு வாங்க"ன்னாங்க. ரெண்டு சீட்டையும் பையில வச்சுக்கிட்டு பஸ்ல திரும்பி வர்றப்ப, "அக்கா, இப்ப நான் எதை மொதல்ல நிறுத்தணும்?"னு கேட்டான். நெஜமாவே தெரியாமத்தான் கேட்டான். எனக்கும் பதில் தெரியல.

ஏதோ எங்க வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். 1990ல வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுல ஸ்கிசோஃப்ரினியா உள்ளவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு வாழ்நாள்ல எப்பவாவது மது இல்லன்னா போதைப்பொருள் பிரச்சனை இருந்திருக்கு. கிட்டத்தட்ட பாதிப் பேர்! அப்படி இருக்கறப்ப ரெண்டையும் தனித்தனி வாசல்ல வச்சு வைத்தியம் பாக்குறது எந்த ஊர் நியாயம்னு எனக்குப் புரியல.

இதுல சிகரெட்டை யாருமே கணக்குல எடுத்துக்கறதில்ல. "பாவம், அதாவது இருந்துட்டுப் போகட்டும்"னு விட்டுர்றாங்க, நானும் அப்படித்தான் வாங்கிக் கொடுத்திருக்கேன். ஒரு தடவை தம்பியை அட்மிட் பண்ணோம், வார்டுல புகை பிடிக்கக் கூடாது, அதனால சுத்தமா நின்னுச்சு, எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஒரு வாரத்துல வாயிலருந்து எச்சில் வழிஞ்சு தலகாணி நனைய ஆரம்பிச்சுச்சு, பகல்லயும் தூக்கம், எந்திரிச்சா தலைசுத்தல், ஒரு நாள் பாத்ரூம்கிட்ட விழுந்துட்டான். நோய் முத்திருச்சுன்னு நான் அழுதேன். அப்புறம் டூட்டிக்கு வந்த ஒரு சின்ன வயசு டாக்டர்தான் "இவர் சிகரெட் எப்ப நிறுத்தினார்?"னு கேட்டாங்க.

விஷயம் என்னன்னா, அவன் சாப்பிடுறது க்ளோசாபைன்னு இந்த நோய்க்குக் குடுக்குற ஒரு மாத்திரை. சிகரெட் புகைல இருக்குற சில பொருள், கல்லீரல் இந்த மாத்திரையை சீக்கிரமா கரைச்சு வெளியேத்துற மாதிரி பண்ணிரும். புகை நின்னுட்டா அந்த வேகம் குறைஞ்சுரும், அதே மாத்திரை, அதே அளவு, ஆனா ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும், ரொம்ப ஏறினா வலிப்பு கூட வரலாம். ஓலன்சாபைன்னு இதே நோய்க்குக் குடுக்குற இன்னொரு மாத்திரைக்கும் இது உண்டு. இது நிகோட்டின் வேலை இல்ல, புகையோட வேலை, அதனால சிகரெட்டை விடறதுக்குத் தோல்ல ஒட்டுற நிகோட்டின் பேட்ச் போட்டாலும் மாத்திரை அளவை பாக்கத்தான் வேணும். திரும்ப பிடிக்க ஆரம்பிச்சா அளவு இறங்கி குரல் திரும்பி வரலாம். அதுக்காக யாரும் சிகரெட்டை நிறுத்தாம இருந்துராதீங்க, இந்த நோய் உள்ளவங்க சீக்கிரமா சாகுறதுல புகைக்குப் பெரிய பங்கு இருக்கு. நிறுத்துங்க, ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க.

உங்க பத்திரிகையில இதை ஒரு முழுப் பக்கமா போடணும், அதுதான் என் வேண்டுதல். மனநோயையும் போதைப் பழக்கத்தையும் ஒரே டாக்டர், ஒரே டீம் சேர்த்துப் பாக்குற முறை இருக்குன்னு எழுதுங்க. எங்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைக்க இத்தனை வருஷம் ஆச்சு, கேக்கணும்னே எங்களுக்குத் தெரியாது.

இப்ப பாக்குற டாக்டர் ஒவ்வொரு தடவையும் "இந்த வாரம் எத்தனை சிகரெட், எத்தனை நாள் குடிச்சீங்க?"ன்னு பிரஷர் பாக்குற மாதிரி சாதாரணமா கேக்கறாங்க. திட்டறதில்ல. அதனால தம்பி பொய் சொல்றதில்ல. போன தடவை "ஒரு நாளைக்கு நாலு, குடி ஒரு நாள்"ன்னான், அவங்க எழுதிக்கிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னாங்க.

இப்படிக்கு,
ஒரு அக்கா