"200 இருக்கும் சிஸ்டர், எழுதிக்கோங்க"

மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கு,

வணக்கம். பிரசவ அறையிலும் மகளிர் ஓ.பி.யிலுமாக இருபது வருடத்துக்கு மேல் நின்ற செவிலியர் நான். உங்களுக்கு மருத்துவம் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பிறகு நனைந்த துணிகளைப் பொறுக்குவது நான்தான். அதனால் ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது என்ற ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

ஒருநாள் இரவு நடந்தது இது. சுகப்பிரசவம். நஞ்சுக்கொடி முழுசாக வந்துவிட்டது, தையலும் முடிந்தது. "200 இருக்கும் சிஸ்டர், எழுதிக்கோங்க" என்றார் டியூட்டி டாக்டர், போன ரத்தம் 200 மில்லி என்று. எழுதினேன். மனசுக்கு ஒப்பவில்லை. துணி, பஞ்சு, பேட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, குழந்தையை நிறுக்கும் தராசிலேயே வைத்தேன். அதற்கு மறுநாள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் 740 கிராம் நின்றது. ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்பதுதான் கணக்கு. கட்டிலுக்கு அடியில் தேங்கியிருந்தது அதில் சேர்த்தியில்லை.

பிபி 110/70. பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நாடி மட்டும் 118. வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை பிசைந்த மாவு போல் தொளதொளவென்று கிடந்தது. அப்புறம் ஓட்டம்தான்: மசாஜ், கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில ஊசி, சலைன். அரை மணியில் இறுகியது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். எல்லாக் கண்ணும் அப்படித்தான் ஏமாறும், போகிற ரத்தம் கூடக்கூட இன்னும் மோசமாக ஏமாறும்.

பிபியை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கர்ப்பிணிக்கு ரத்தத்தின் அளவே கூடியிருக்கும். ஆரோக்கியமான உடம்பு ஒரு லிட்டர் போனாலும் பிபியை இழுத்துப் பிடித்து நிற்கும். அது இறங்கும்போது நாம் ஏற்கெனவே பின்தங்கியிருப்போம். நாடியை மேல் பிபியால் (110/70 என்றால் 110) வகுத்துப் பாருங்கள், 0.9 வந்தாலே உஷாராகிவிடலாம். அன்றிரவு அது ஒன்றைத் தாண்டியிருந்தது.

கண் ஏமாறும் என்பதைத்தான் 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வும் காட்டியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சுகப்பிரசவங்கள். கண்ணால் மதிப்பிட்ட இடங்களில், பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்கில் கிட்டத்தட்ட பாதிதான் கண்டுபிடிக்கப்பட்டது. அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை அடியில் விரித்த இடங்களில் 93 சதவீதம். அங்கே சிகிச்சைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் கொடுத்தார்கள். கடுமையான பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. அந்த மருந்துகளில் புதிதாக எதுவும் இல்லை. எல்லாமே நம் அலமாரியில் இருப்பவை.

சரி, ஓ.பி.க்கு வருகிறேன். அங்கே ரத்தம் நம் கண்ணிலேயே படாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "பீரியட்ஸ் எப்படிம்மா?" "நார்மல்தான் டாக்டர்." இதோடு முடிந்துவிடுகிறது. பதிமூன்று வயதிலிருந்து அப்படியே போய்க்கொண்டிருந்தால் அவளுக்கு அதுதானே நார்மல்?

ஹீமோகுளோபின் 7 என்று ஒருவர் வந்தார். இரண்டு வருடமாக மூன்று பேரிடம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கியிருக்கிறார். ஏறும், இறங்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதை. பிபி பார்த்துக்கொண்டே, "ராத்திரி எத்தனை தடவை எழுந்து பேட் மாத்துவீங்க?" என்று கேட்டேன். "இரண்டு தடவைதான். இரண்டு பேட் சேர்த்து வெச்சுக்குவேன், அடியில துண்டு விரிச்சுக்குவேன்" என்றார், பல் தேய்ப்பதைப் பற்றிச் சொல்வது போல. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்புறமாகப் புடைத்துக்கொண்டு ஒரு நார்த்திசுக் கட்டி. வயிற்றைத் திறக்காமலே, உள்ளே குழாய் விட்டு எடுத்துவிட்டார்கள்.

மாதத்துக்கு 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வீட்டில் யார் அளப்பார்கள்? ஆனால் படம் போட்ட அட்டவணை ஒன்று 1990இலிருந்தே இருக்கிறது. லேசாகப் பட்ட பேட்டுக்கு 1 புள்ளி, பாதி நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. ரத்தக் கட்டிகளுக்குத் தனிப் புள்ளி. கூட்டினால் 100 தாண்டுகிறதா என்று பார்த்தால் போதும். அதையும் கொடுக்க நேரமில்லை என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை மாற்றுகிறீர்களா, ராத்திரி எழுகிறீர்களா, எத்தனை நாள்? வயதுக்கு வந்த நாளிலிருந்தே கொட்டுகிற பெண்ணாக இருந்தால், பல் பிடுங்கியபோது ரத்தம் நின்றதா என்றும் கேளுங்கள். ரத்தம் உறைவதிலேயே கோளாறு இருந்து, யாரும் கேட்காததால் தெரியாமல் போனவர்கள் உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பாருங்கள், சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும்.

அளவை வைத்து முடிவு செய்யவே கூடாத இடங்களும் இருக்கின்றன. நாள் தள்ளிப்போய் அடிவயிறு வலித்து, சொட்டுச் சொட்டாகப் படுகிறது என்று வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்து வயிற்றுக்குள்ளே ரத்தம் நிறைந்துகொண்டிருக்கலாம். கர்ப்பமாக இருக்க வாய்ப்பே இல்லை என்று அவரே சொன்னாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்துப் படுவது ஒரே ஒரு துளியாக இருந்தாலும் ஸ்கேன் இல்லாமல் அனுப்பாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் தலைகாட்டுவது அப்படித்தான்.

இனி என் கோரிக்கை. பிரசவ அறைக்கென்று ஒரு சின்னத் தராசு வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொண்டுவந்தால் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். காய்ந்த துணி, பேட் ஒவ்வொன்றின் எடையையும் எழுதி நாங்களே சுவரில் ஒட்டிவிடுகிறோம். "200 இருக்கும்" என்று வாயில் வரும்போது, "எடை போட்டீங்களா சிஸ்டர்?" என்று மாற்றிக் கேளுங்கள். குழந்தைத் தராசை எடுத்ததற்கு இன்னொரு தடவை என்னால் திட்டு வாங்க முடியாது.

இப்படிக்கு,
இரவுப் பணியிலிருந்து ஒரு சிஸ்டர்