உணவுத் தெருவுக்குப் புது இடம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலத்துக்குத் தனியாக ஓர் உணவுத் தெரு வேண்டும், தட்டுவடை செட் வண்டிகளை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்திவிடலாம் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வண்டிக்காரர்களுக்கு மரியாதை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதம். இடத்தை மாற்றுவதில்தான் சம்மதம் இல்லை.

என் மகள் சியோலில் வேலை பார்க்கிறாள். போன டிசம்பரில் அங்கே போயிருந்தபோது குவாங்ஜாங் சந்தைக்கு அழைத்துப் போனாள். சாப்பாட்டுச் சந்தை என்றுதான் சொல்லியிருந்தாள். உள்ளே நுழைந்தால் அது ஜவுளிச் சந்தை! மாடியில் பட்டும், ஹான்போக் என்னும் அவர்களுடைய மரபு உடையும். கீழே நடைபாதையின் நடுவில் சாப்பாட்டுக் கடைகள். துணி எடுக்க வருகிறவர் பசித்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்.

நான் பருப்பு மண்டி நடத்துகிறவன். கண் போனது பாசிப்பயறு மேல்தான். தோல் நீக்கி ஊறவைத்த பயறைத் திரிகையில் அரைக்கிறார்கள். கல்லைச் சுற்றுவது மோட்டார். மஞ்சள் மாவு கெட்டியாக விளிம்பில் வழிந்து இறங்குகிறது. அதில் முளைப்பயறும், கிம்ச்சி என்னும் அவர்களுடைய காரமான முட்டைக்கோஸ் ஊறுகாயும் கலந்து, எண்ணெய் தேங்கி நிற்கும் கல்லில் நம் அடையை விடக் கனமாக ஊற்றிப் பொரிக்கிறார்கள். பிந்தேத்தொக் என்று பெயர். பன்றி இறைச்சி சேர்ப்பதும் உண்டு. சைவக்காரர்கள் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. பெஞ்சுக்குள் சூடேற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் எழுந்து வர மனமே இல்லை.

1905இல் தொடங்கிய சந்தை அது. பழைய நம்தேமுன் சந்தையில் ஜப்பானியர் கை ஓங்கிய நேரத்தில், கொரிய வணிகர்கள் தங்கள் பணத்தைப் போட்டு நிறுவனம் அமைத்து, நாள்தோறும் நடக்கும் சந்தையாக இதை நிறுவினார்கள். அடுத்த ஆண்டு வ.உ.சி. பங்கு திரட்டிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அவர் பெயரில் மார்க்கெட் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கொரியப் போரில் சந்தை அழிந்தது. திரும்பக் கட்டியபோதும் வேறு இடம் தேடிப் போகவில்லை.

அங்கே குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல், வாங்கும் காசுக்குத் தட்டில் ஒன்றுமில்லை என்று பெரிய புகாரே எழுந்தது. பிறகுதான் அளவை எழுதி வைக்க ஏற்பாடு செய்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்கு வெல்லமும் பருப்பும் வாங்க வருகிறவர்களும், கொலுசுப் பட்டறைகளில் வேலை முடித்து வருகிறவர்களும்தான் சாயங்காலம் வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் சட்னியும் வைத்துக் கையில் கொடுத்தால் நின்றபடியே முடிகிற காரியம். இதற்காக யார் பஸ் ஏறி மைதானத்துக்குப் போவார்?

மாநகராட்சி வண்டிகளை இருக்கும் இடத்திலேயே விட்டு, தண்ணீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் கொடுக்கட்டும். லீ பஜார் பக்கம் மாலையில் சரக்கு லாரிகள் நுழைவதை நிறுத்தட்டும். எங்கள் மண்டிகளுக்கு அதில் சிரமம் உண்டு. மூட்டைகளை மதியத்துக்குள் இறக்கிக்கொள்வது பற்றி எங்கள் தெரு வியாபாரிகளிடம் பேச நான் தயார்.

இப்படிக்கு,
பருப்பு மண்டி வியாபாரி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் - 2.