பாகுப் பதமும் நோட்டுப் புத்தகமும்

அன்பு மகளுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். தை பிறந்ததும் பெங்களூரு வேலையை விட்டு வந்து நம் கடலைமிட்டாய்த் தொழிலை ஏற்று நடத்தப்போவதாக நீ எழுதியதைப் படித்து அம்மாவும் நானும் மிகவும் மகிழ்ந்தோம். 2020இல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு நம்மிடம் கேட்கும் வெளியூர்க் கடைகள் கூடியிருக்கின்றன. சரக்கு தொலைவு போய்க் கடையில் நாள்பட இருக்க வேண்டியிருப்பதால், காற்றும் ஈரமும் புகாத உறை, பாகுக்கு வெப்பமானி என்று நீ சொல்லும் மாற்றங்கள் தேவையானவையே.

நீ பள்ளியில் படித்தபோது ஓர் ஐப்பசியில், செலவு குறையுமென்று யாரையும் கேட்காமல் மெல்லிய உறைக்கு மாறினேன். பொட்டலம் போடும் பெண்களில் மூத்தவர், "மழைக்கு இது தாங்காது அண்ணாச்சி" என்று முதல் நாளே சொன்னார்; நான் காதில் வாங்கவில்லை. வெல்லம் ஈரத்தை இழுப்பது என்பதால் இரண்டே வாரத்தில் மிட்டாய் கசிந்து உறையோடு ஒட்டிக்கொண்டது. அனுப்பியதில் பாதி திரும்பி வந்தது. பண நஷ்டத்தை ஓராண்டில் ஈடுகட்டிவிட்டேன். ஆனால் அதன்பின் அவர் தானாக எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்; அவரை மறுபடி பேசவைக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

பாகு காய்ச்சும் பெரியவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது முறியும் ஓசையைக் கேட்டுப் பதம் சொல்கிறார். வெல்லம் வண்டிக்கு வண்டி மாறுவதால் ஒரே சூட்டில் ஒரே பதம் வந்துவிடாது. ஆகவே வெப்பமானியை அவருக்கு மாற்றாக வைக்காமல், அவர் சட்டியை இறக்கச் சொல்லும் நொடியில் அது காட்டும் எண்ணைத் தேதியோடும் வெல்லம் வந்த ஊரோடும் நோட்டில் எழுதிவா. ஒரு வருடம் எழுதினால் அவருடைய கைப்பழக்கத்தை இளையவர்களுக்குக் கற்றுத்தர முடியும். இதை நான் பத்தாண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். அவருக்கு இப்போது முதுமை தட்டிவிட்டது.

நீ அனுப்பிய உறைகளில் 20 பொட்டலம் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் பழைய உறையில் ஒன்றும் புதியதில் ஒன்றுமாகப் பிரிக்கிறோம். வறுத்த கடலையின் எண்ணெய் காற்றுப்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும் அல்லவா, அதைப் பொட்டலம் போடும் அந்த மூத்தவரே முதலில் முகர்ந்தும் கடித்தும் சொல்கிறார். பழைய உறையில் இருந்தது நான்காம் வாரமே நமுத்துவிட்டது. புதியது ஐந்து வாரமாகியும் மொறுமொறுப்பாக இருக்கிறது. ஆனால் ஒட்டிய ஓரம் சிலவற்றில் பிரிகிறது என்கிறார். வரும்போது ஓரம் அகலமான மாதிரியும் கொண்டுவந்து அவரிடமே கொடு.

அன்புடன்,
அப்பா