எங்களை வக்கீலாக்கியவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, நண்பர்களே,

வணக்கம்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறோம். மதுரை அரசு சட்டக் கல்லூரியில் 2025-ல் மூன்றாண்டு சட்டப் படிப்பை முடித்த எங்கள் கூட்டாளிகளில் பெரும்பாலோர் சென்னைக்குப் போய், உறுதிமொழி எடுத்து, வழக்கறிஞர்களாகப் பதிவு செய்துவிட்டோம். பலர் மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியராகச் சேர்ந்தாயிற்று. சிலர் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய்வருகிறார்கள். மிச்சப் பேர் பின்னால் எழுதப்போகும் சிவில் நீதிபதி தேர்வுக்கு இப்போதே புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அப்பா வக்கீல், தாத்தா வக்கீல் என்ற வீட்டில் பிறந்தவர்களுக்கு சேம்பர், புத்தக அலமாரி, கட்சிக்காரர்கள், எந்தக் கோர்ட்டில் எந்தக் கதவைத் தட்டுவது என்ற விவரம் எல்லாம் சொத்தோடு சொத்தாக வந்துவிடும். எங்கள் வகுப்பில் அந்தக் கொடுப்பினை உள்ளவர்கள் குறைவு. எங்களுக்கு அதையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தது நீங்கள்தான். அதனால்தான் இந்த மடல்.

ஆசிரியர்களிடமிருந்து தொடங்குகிறோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தை உருப்போட்டு முடித்த வேளையில், 2024 ஜூலை 1 அன்று அது போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 511 பிரிவுகள் 358 ஆயின. கொலைக்கு 302 என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது 103 ஆனது. ஊரே கேலிக்குப் பயன்படுத்திய 420, 318-க்குள் போய் ஒளிந்துகொண்டது. குற்ற நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அதே நாளில் மாறின. பழைய வழக்குகள் பழைய சட்டத்தில், புதிய வழக்குகள் புதியதில் என்பதால் இரண்டையும் படித்தாக வேண்டும். வகுப்பு நேரம் முடிந்தும் கரும்பலகையில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே எழுதிப்போட்டு, எது வெறும் எண் மாற்றம், எங்கே பொருளே மாறியிருக்கிறது என்று பிரித்துக் காட்டிய மேடத்துக்கு எங்கள் வணக்கம். மூட் கோர்ட்டில், அதாவது மாணவர்களுக்கான மாதிரி நீதிமன்றத்தில், முதலில் தமிழிலேயே வாதாடுங்கள், ஆங்கிலம் பின்னாலேயே வரும் என்று சொன்ன சாருக்கும். கோப்பை எதையும் நாங்கள் தூக்கி வரவில்லை, சார். ஆனால் வாயைத் திறக்கப் பயந்தவர்கள் இன்று நீதிபதி முன்னால் நின்று வாய்தா கேட்கும் அளவுக்காவது வந்துவிட்டோம்.

அடுத்து குமாஸ்தா அண்ணன். அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எத்தனை முறை படித்தாலும், ஒரு பிராதை ஃபைலிங் கவுண்டரில் திருப்பி அனுப்பாமல் வாங்கவைப்பது எப்படி என்று அதில் எழுதியிருக்காது. அதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அபிடவிட்டில் (பிரமாணப் பத்திரத்தில்) ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே பக்க எண், திருத்தம் எத்தனை, இல்லையென்றால் இல்லை என்று போட்டுக் கையெழுத்து. வழக்குக் கட்டை டேக் போட்டுக் கட்டும்போது முடிச்சு பின்பக்கம். கோர்ட் ஃபீ ஸ்டாம்பை எழுத்தின் மேல் ஒட்டக்கூடாது. “ஒரு கமா இல்லாததுக்கு மூணு வாரம் போயிரும்மா” என்பார். ரிட்டர்ன் ஆன கட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த எங்களில் ஒருத்தியைத் தனியே கூப்பிட்டு, எந்தக் குறையை எப்படிச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து விளக்கினார். அவருக்கு எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் நாற்காலி போட மாட்டார்கள். எங்கள் நன்றியில் முன்வரிசை அவருக்குத்தான்.

இன்னொருவர், எங்கள் முதல் கட்சிக்காரர். கட்சிக்காரர் என்று சட்டப்படி சொல்ல முடியாது. நாங்கள் அப்போது மாணவர்கள். இலவச சட்ட உதவி முகாமுக்கு மஞ்சப்பையில் பத்திரங்களோடு வந்த பாட்டி. இருந்த ஒரே வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். பதிவான பிறகு சோறு நின்றுபோனது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். சிக்கல் என்னவென்றால், பாட்டியின் பத்திரத்தில் அப்படியொரு வாசகமே இல்லை. “அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று மட்டும்தான் இருந்தது. அந்த அன்பிலேயே நிபந்தனையும் அடக்கம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் சொன்ன தீர்ப்பைத் தேடி எடுத்துக் கொடுத்த சட்டப்பணிகள் ஆணைக் குழு வழக்கறிஞர் அண்ணனுக்கு நன்றி.

இந்தச் சட்டப்படி கோட்டாட்சியர் முன் நடக்கும் விசாரணையில் வக்கீல் ஆஜராவதை அதன் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. (கேரள உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை என்பது தனிக்கதை.) கூட நின்று பேச ஆள் கிடையாதே என்று நாங்கள் தயங்கினோம். பாட்டி தயங்கவில்லை. “நீ எழுதி மட்டும் குடு தாயி, பேசுறத நான் பேசிக்கிறேன்” என்றார். பேசவும் செய்தார். மாதாமாதம் பராமரிப்புத் தொகை கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பத்திரத்தை ரத்து செய்வது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மனுவைச் சுருக்கமாக, கேட்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர், நீளமாக எழுதியதை வாசித்துக் காட்டியபோது, “இதுல என் வீடு எங்க வருது?” என்று கேட்டார்.

நேரில் பார்த்தேயிராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வழக்கறிஞராகப் பதிவு செய்ய மாநில பார் கவுன்சில்கள் இஷ்டத்துக்குக் கட்டணம் வாங்கிவந்தன; ஒடிசாவில் அது ரூ.42,100 வரை போனது. கௌரவ் குமார் என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கறிஞர்கள் சட்டம் 24-ஆம் பிரிவு சொல்வதற்கு மேல் ஒரு பைசா வாங்கக்கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பு வந்தது. பொதுவாக ரூ.750, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ரூ.125. பதிவுக் கட்டணத்துக்காக வட்டிக்குக் கடன் வாங்க இருந்த எங்கள் தோழன் ஒருவன் அந்தத் தீர்ப்பை நகலெடுத்துத் தன் அப்பாவிடம் காட்டினான். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் முழுதாகப் புரட்டிப் பார்த்தாராம்.

ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது ரூ.20,000, மற்ற ஊர்களில் ரூ.15,000 உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எத்தனை சேம்பரில் அது கிடைக்கிறது என்று எந்த ஜூனியரிடமும் கேளுங்கள், முதலில் சிரிப்பார். முழுத் தொகை இல்லாவிட்டாலும், மாசம் பிறந்ததும் கேட்காமலேயே கவரை நீட்டும் சீனியர்கள் எங்களில் சிலருக்கு வாய்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தனி வணக்கம். கவரை இன்னும் நீட்டாதவர்களும் இந்த மடலைப் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி சிவில் நீதிபதியாகத் தேர்வான செய்தி வந்தபோது விடுதியில் அன்று யாரும் படிக்கவில்லை, அதையே பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணப்பட்டுத் தேர்வெழுதியவர். மறுநாளிலிருந்து நூலகத்தில் இடம் பிடிக்கச் சண்டை. அந்தச் சண்டையைத் தீர்த்துவைத்து, பூட்டும் நேரத்துக்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்திருந்த நூலகருக்கு நன்றி. ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி, விடுதிச் சமையலறை அக்கா, உங்கள் கணக்கை அடைத்துவிட்டோம் என்றுதான் நினைக்கிறோம்; பாக்கி இருந்தால் சொல்லுங்கள்.

பெரிய கோட்டும் பழைய கவுனும் கொடுத்த அக்காவுக்கு: கை நீளத்தைக் குறைத்தாயிற்று, சரியாக இருக்கிறது.

கடைசியாக, அடுத்த வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு ஒரு சேதி. அகில இந்திய பார் தேர்வுக்கு நாங்கள் வாங்கிய பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டம் மட்டும் உள்ள) புத்தகங்களை ஒரு கட்டாகக் கட்டி நூலகத்தில் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொள்ளுங்கள், எழுதி முடித்ததும் திருப்பி வையுங்கள். புத்தகம் கொண்டுபோகலாம், குறிப்பு இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே ஓரத்தில் பென்சில் கோடுகூடப் போடாதீர்கள். ஹாலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
2025-ல் படிப்பை முடித்த மூன்றாண்டு சட்ட வகுப்பினர்,
மதுரை