முதலாம் நம்பர் ட்ராம் போகிற ஊர்

கொலோன்

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிவிட்டது. இரவு வேலை தொடர்ந்து வந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை, குறை நினைக்காதே. கிணறு இறைத்தது, வேலியோரம் பனங்கொட்டை நட்டது, அம்மாவின் முழங்கால் நோ எல்லாம் வாசித்தேன். அம்மாவை அந்த எண்ணெயோடு விட்டுவிடாமல் ஒருக்கால் யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. காசு நான் அனுப்புகிறேன், அதைப் பற்றி நீ ஒன்றும் கதைக்க வேண்டாம்.

கடைசிப் பக்கத்தில் உன் மூத்தவள் தன் கையால் நாலு வரி எழுதியிருந்தாள். "மாமா, டார்க் தொடரில ஜோனாஸா வாற லூயி ஹோஃப்மன் உங்கட ஊராம், அவரைப் பற்றி எழுதுங்கோ." பிள்ளை கேட்டது சரிதான். அவன் 1997 ஜூனில் பென்ஸ்பெர்க்கில் பிறந்தவன், வளர்ந்தது கொலோனில். நான் வேலைக்குப் போகிற முதலாம் நம்பர் ட்ராமின் கடைசித் தரிப்பிடம்தான் பென்ஸ்பெர்க். மேட்டில் பழைய அரண்மனை ஒன்று, இப்போது அது விலைகூடிய ஹோட்டல், மற்றபடி அமைதியான இடம். பதினெட்டு வருசமாக ட்ராமின் நெற்றியில் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு போகிறேன், அங்கேயிருந்து இப்படி ஒருவன் வந்திருக்கிறான் என்பதைப் பளையில் இருக்கிற பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் அவனை நேரில் கண்டதில்லை, அதை அவளுக்குச் சொல்லிவிடு. ஆனால் இந்த மூன்று கிழமையும் வேலை முடிந்து விடிய வந்து, நித்திரை கொள்ளாமல், அவனுடைய படங்களில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பார்த்தேன். அதனால் இந்தக் கடிதம் அவளுக்கும் உனக்கும் சேர்த்துத்தான். ஒரு பகுதி சுபாவுக்கும்.

சின்ன வயதில் அவன் இங்குள்ள தொலைக்காட்சியில், குடும்பங்கள் லீவுக்கு எங்கே போகலாம் என்று பிள்ளைகளே போய்ப் பார்த்துச் சொல்கிற ஒரு நிகழ்ச்சியில் வந்தவன். பிறகு 2011 இல் டாம் சாயர் கதையை ஜெர்மனில் படமாக எடுத்தபோது டாம் அவன்தான், அடுத்த வருசம் ஹக் ஃபின் கதையிலும் அதே டாம். உன் கடைக்குட்டிக்கு அவை பிடிக்கும். எனக்கு அவனைப் பிடித்துப்போனது அதற்குப் பிறகு 2015 இல் வந்த "ஃப்ரைஸ்டாட்" படத்தில். கதை நடப்பது 1968 இல். தாய் இரண்டாவதாகக் கட்டினவருக்கு இந்தப் பெடியனைக் கண்ணில் காட்டக் கூடாது, அதனால் வட ஜெர்மனியில் சதுப்பு நிலத்துக்கு நடுவே இருக்கிற ஒரு தேவாலய விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். திருத்துகிறோம் என்ற பெயரில் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி, எரிக்கிற சதுப்பு மண்ணை வெட்ட வைக்கிறார்கள், எதிர்த்துக் கதைத்தால் அடி. இது கற்பனையில்லை குகன், அப்படி ஒரு விடுதியில் இருந்த ஒருவர் சொன்னதை வைத்து எடுத்த படம். போருக்குப் பிறகு எழுபதுகள் வரை இந்த நாட்டில் பல லட்சம் பிள்ளைகள் அப்படியான விடுதிகளில் இருந்திருக்கிறார்கள், அரசாங்கம் அவர்களுக்கென்று ஒரு நிதி வைத்ததே 2012 இல்தான். படத்தின் தொடக்கத்தில் அவன் நடக்கிற நடையையும் முடிவில் நடக்கிற நடையையும் பார். ஒரு வசனமும் தேவையில்லை.

இனி சுபாவுக்கான பகுதிக்கு வருகிறேன். அதே 2015 இல் டென்மார்க்காரர் எடுத்த ஒரு படம், டேனிஷ் பெயருக்கு அர்த்தம் "மணலுக்கு அடியில்", ஆங்கிலத்தில் "லேண்ட் ஆஃப் மைன்" என்று வந்தது. நேச நாட்டுப் படைகள் கடல் வழியாக வந்து இறங்கும் என்று பயந்து ஜெர்மன் இராணுவம் டென்மார்க்கின் மேற்குக் கரை முழுவதும் பத்து லட்சத்துக்கும் கூடுதலான கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தது. யாரும் வந்து இறங்கவில்லை, 1945 மே மாதம் போர் முடிந்துவிட்டது. இனி அதை யார் எடுப்பது? பிடிபட்ட ஜெர்மன் கைதிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதற்கு இறக்கினார்கள். அதில் எத்தனையோ பேர் பெடியள், போரின் கடைசி மாதங்களில் பள்ளிக்கூடத்தால் இழுத்துக்கொண்டு போய்ச் சட்டை மாட்டி விடப்பட்டவர்கள். படத்தில் ஒரு கடற்கரை, அதில் 45,000 வெடி, எல்லாவற்றையும் எடுத்து முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறார் அந்த டேனிஷ் சார்ஜன்ட். சாப்பாடு கூட ஒழுங்காகக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வயிற்றில் படுத்துக்கொண்டு ஒரு கம்பியால் மணலைக் குத்திக் குத்தி நகருகிறார்கள்.

லூயி அதில் செபஸ்டியன், மற்றப் பெடியளுக்கு மூத்தவன் மாதிரி. சார்ஜன்ட்டாக வருகிற ரோலன்ட் மோலர் நடிப்புக்கு வருவதற்கு முன் சிறையில் இருந்தவர், அந்த முகத்தில் இருக்கிற கோபம் எங்கேயோ உண்மையில் இருந்து வருகிறது. அவருக்கு முன்னால் பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் குரலை உயர்த்தாமல், தலையையும் குனியாமல் நிற்கிறான். 2015 இல் தோக்கியோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், அது மிகச் சரி, ஒருவர் இல்லாமல் மற்றவரின் நடிப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. படம் பிறகு ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அதில் இரட்டைப் பிள்ளைகள் இருவர் வருகிறார்கள், அவர்களைப் பற்றி இப்போது எழுதமாட்டேன், பார்க்கும்போது சுபாவுக்குப் பக்கத்தில் நீ இரு.

சுபா முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்த காலத்தில் நீ எனக்கு எழுதினது ஞாபகம் இருக்கிறதா? விடிய நாலு மணிக்கு எழும்பிச் சோறு கட்டிக்கொண்டு போவது, அந்த வெயிலில் கனமான அங்கியும் முகக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு குந்தியிருந்து விறாண்டியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பது, ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடியும் என்று எழுதியிருந்தாய். அப்போது அதை நான் ஒரு செய்தி மாதிரி வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். இந்தப் படத்தைப் பார்த்த விடியற்காலையில்தான் அவள் என்ன செய்தாள் என்று எனக்கு விளங்கியது. டென்மார்க் தன் கடைசிக் கண்ணிவெடி வயலைத் துப்புரவாக்கி முடித்தது 2012 இல். 1945 இல் தொடங்கிய வேலை, யோசித்துப் பார்.

இவ்வளவு படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. பெரியவர்கள் புதைத்து வைத்துவிட்டுப் போனதைத் தோண்டுகிற பிள்ளையாகத்தான் அவன் திரும்பத் திரும்ப வருகிறான். உன் மகளின் "டார்க்" கூட அதுதானே? விண்டன் என்ற ஊர், காட்டுக்கு நடுவில் அணு உலை, தகப்பன் தூக்குப் போட்டுச் செத்த வீட்டில் மிஞ்சின பெடியன், அவன் அந்தச் சாவுக்குக் காரணம் தேடிப் போய் 2019 இல் இருந்து 1986 க்கு இறங்குகிறான், இறங்க இறங்க ஊரில் இருக்கிற எல்லாத் தாய் தகப்பனும் மறைத்தது வெளியே வருகிறது. நெட்ஃப்ளிக்ஸுக்கு அதுதான் முதல் ஜெர்மன் தொடர், 2017 டிசம்பரில் தொடங்கி மொத்தம் 26 பாகம். கதையில் உலகம் அழிகிற நாளான 2020 ஜூன் 27 அன்றே கடைசிப் பருவத்தை வெளியிட்டார்கள். அதே ஜோனாஸ் வயதான பிறகு அந்த வேடத்தில் வேறு நடிகர் வருகிறார், பெயர் அந்திரயாஸ் பீட்ச்மன், அவர் முகத்தில் அந்த மஞ்சள் மழைக்கோட்டுப் பெடியனை நான் தேடிக்கொண்டேயிருந்தேன், சில இடங்களில் உண்மையாகவே கண்டேன். பிள்ளை அதை ஆங்கிலக் குரல் போட்டுப் பார்க்கிறாள் போலிருக்கிறது. ஜெர்மனிலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடுகிற எழுத்தை வாசிக்கச் சொல்லு, அவனுடைய நடிப்பில் பாதி அந்தத் தாழ்ந்த குரலில்தான் இருக்கிறது.

இடையில் 2016 இல் "டி மிட்டே டெர் வெல்ட்" என்று ஒரு படம், பதினேழு வயதுப் பெடியன் இன்னொரு பெடியனைக் காதலிக்கிற கதை, எந்தக் கூச்சமும் இல்லாமல் செய்திருக்கிறான். அடுத்த வருசம் பெர்லின் திரைப்பட விழாவில் ஐரோப்பாவின் இளம் நடிகர்கள் பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தபோது அவனும் ஒருவன். ரால்ஃப் ஃபைன்ஸ் இயக்கிய, நடனக்காரர் நுரேயெவ் பற்றிய படத்தில் சின்ன வேடம். 2022 இல் வந்த "டெர் பாஸ்ஃபெல்ஷர்" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சியோமா ஷோன்ஹவுஸ் என்று பெர்லினில் உண்மையாகவே இருந்த யூதப் பெடியன், தாய் தகப்பனை நாஸிகள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், இவன் ஒளிந்து கிடக்காமல் கடற்படை உடுப்புப் போட்டுக்கொண்டு நல்ல சாப்பாட்டுக் கடைகளில் இருந்து சாப்பிடுகிறான், இரவில் கள்ளப் பாஸ்போட்டும் அடையாள அட்டையும் செய்து மற்றவர்களைக் காப்பாற்றுகிறான். 1943 இல் சைக்கிளில் சுவிஸ் எல்லைக்குப் போய்த் தப்பினவர், 2015 மட்டும் உயிரோடு இருந்தார். இந்தப் படத்தில்தான் லூயி சிரிக்கிறதை நிறையப் பார்த்தேன். பயத்தை மறைக்கச் சிரிக்கிற சிரிப்பு, கள்ள அடையாள அட்டையோடு சோதனைச் சாவடியில் நின்ற பெடியளின் சிரிப்பு, உனக்குத் தெரியும்.

2023 இல் வந்த "ஆல் த லைட் வீ கெனொட் ஸீ" தொடர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஜெர்மன்காரர் தங்களுக்குள்ளேயே ஆங்கிலத்தில் கதைக்கிறார்கள், மனம் ஒட்டவில்லை. ஆனால் அவன் வருகிற வெர்னர், எசன் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கம் அநாதையாக வளர்ந்து ரேடியோ திருத்தப் பழகின பிள்ளை, அந்தத் திறமையாலேயே இராணுவம் அவனைக் கொண்டுபோய்விடுகிறது. கண் தெரியாத பெண்ணாக நடித்த ஆரியா மியா லோபெர்ட்டிக்கு உண்மையிலேயே பார்வை மிகக் குறைவு, முதல் நடிப்பாம், அவளுக்காகவே பார்க்கலாம். இன்னொன்று, இந்தக் கதையின் மூல நாவலில் வெர்னர் சாவது தன் சொந்த இராணுவம் புதைத்த கண்ணிவெடியில் கால் வைத்து. தொடரில் அவனை உயிரோடு விட்டுவிட்டார்கள். அதை அப்படி மாற்றியிருக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன்.

மணல் படத்தை இரண்டாம் தரம் மகனோடு சேர்ந்து பார்த்தேன். அவனுக்கு இப்போது ஒன்பதாம் வகுப்பு. நாஸி காலம் முழுவதையும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள், வதைமுகாம் இருந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். படம் முடிந்ததும் கேட்டான், "அப்பா, உங்கட ஊரிலயும் இது இருக்கா?" இருக்கு என்றேன். "யார் புதைச்சது?" இரண்டு பக்கமும் என்றேன். "நீங்கள் கண்டனீங்களா?" அந்த இடத்தில் எனக்கு வாய் வரவில்லை குகன். பிறகு 2003 இல் உன்ர சிவப்பி மாடு பற்றைக்குள் போன பின்னேரத்தைச் சொன்னேன், நாங்கள் இரண்டு பேரும் கயிற்றோடு பின்னால் ஓடினதையும், அம்மா வேலியில் நின்று கத்தினதால் நின்றதையும், சத்தம் கேட்டதையும். இத்தனை வருசத்தில் அவனுக்கு இதை நான் சொன்னதேயில்லை. அவன் கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மண்ணை இப்போது யார் துப்புரவாக்குகிறார்கள் என்று கேட்டான். உன்ர சுபா மாமி செய்தவ என்றேன். நம்பவில்லை, பெண்ணா என்று இரண்டு தரம் கேட்டான்.

அவளோடு கதைக்க வேண்டுமாம். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனால் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான், பதினொரு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்கு எடுக்கிறோம், சுபாவை வீட்டில் நிற்கச் சொல்லு.

அன்புடன்,
நேசன்